கடைசி ஆள் காதில் விழும்வரை

நம்பாவிட்டால் போகட்டும். நடந்தது எனக்கு.

அறுநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம். இரண்டு முறை பாதியில் விட்டவன் நான். கிளப்பில் என் பெயர் நத்தை. இம்முறை அதிகாலை ஐந்து மணிக்குள் நான்காவது முகாமில் பயணக் கார்டில் முத்திரை வாங்க வேண்டும். தவறினால் மூன்றாவது தோல்வி.

எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். என் விளக்கு வட்டத்துக்குள் கொஞ்சம் ரோடு. மற்றதெல்லாம் இருட்டு. பேச ஆளில்லை. எனக்கு அது பழக்கம்தான்.

கூட்டமாகப் போகையில், முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கண்டால் "குழி!" என்று கத்துவார். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிச் சொல்வார்கள், கடைசி ஆள் காதில் விழும்வரை.

3:12. இடது ஓரத்தில் ஒரு பள்ளம். ஆள் நீளம்.

"குழி!" என்றேன். பழக்கதோஷம். சிரித்துக்கொண்டேன்.

3:25. அதே ஓரம். அதே நீளம்.

"குழி!"

"குழி..." பின்னால் ஒரு குரல்.

யாரோ வந்து சேர்ந்துகொண்டார். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

"அண்ணே, தூக்கம் சொக்குது. ஏதாவது பேசிட்டு வாங்களேன்."

திரும்பினேன். விளக்கு எதுவும் தெரியவில்லை.

3:38. பின்னால் இரண்டு குரல்கள்.

3:51. மூன்று. ஒன்று பெண் குரல்.

4:04. நான்கு.

சங்கிலிச் சத்தம் இல்லை. டயர் சத்தம் இல்லை. பள்ளத்துக்கு ஒருவராகக் கூடினார்கள்...

4:17. கண் சொருகியது.

"குழி!"

நான் சொல்லவில்லை.

ஐந்து குரல்கள். காதோரம்.

ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்தேன்.

பள்ளத்தின் விளிம்பு டயரில் உரசியது. ஈர மண் வாசனை... புதிதாக வெட்டியது.

அப்புறம் சத்தமே இல்லை.

4:56. "நத்தை வந்துருச்சுப்பா!" முத்திரை போடும் அக்கா கார்டை வாங்கினார்.

"பின்னாடி அஞ்சு பேர் வர்றாங்கக்கா. ரோடெல்லாம் குழி."

மெக்கானிக் சிரித்தார். "குழியா? போன மாசம் போட்ட ரோடுடா. கேரம் போர்டு மாதிரி இருக்கு."

அக்கா சிரிக்கவில்லை. "உனக்குப் பின்னாடி யாரும் இல்லப்பா."

பயணத்தை முடித்துவிட்டேன். மறுவாரம் அக்கா போன் செய்தார். கிளப்பின் பழைய பதிவுகளைப் புரட்டியிருக்கிறார். அதே ரோட்டில், வெவ்வேறு வருடங்களில், சைக்கிள் ஓட்டுகையில் தூங்கிச் சாய்ந்து விழுந்து இறந்தவர்கள் ஐந்து பேர். ஒருவர் பெண்.

போனை வைக்கப் போனேன்.

"அஞ்சு பேருமே," என்றார், "கடைசி ஆளா ஓட்டினவங்கப்பா."