கோழி பீடிக்குப் படம் போட்டவர்

ராசிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த சென்னியப்பன், சென்னைப் பட்டணத்து ஓவியப் பள்ளியில் நான்கு வருஷம் விளம்பரப் படம் பயின்றார். பம்பாய் ஓவியர் ஒருவர் ரயில்வேக்குச் செய்த சுவரொட்டிகள் அப்போது பேர்போனவை: இரண்டே நிறம், நாலே கோடு. பள்ளியில் எல்லாரும் அவர் மாதிரியே வரைந்தார்கள். ஆண்டுக் கண்காட்சியில் எந்தப் படம் யாருடையது என்பதை ஆசிரியர்களே அடியில் இருந்த பெயரைப் பார்த்துத்தான் சொன்னார்கள். சென்னியப்பனுக்கு அது பெருமையாகவே இருந்தது.

1934இல் சேலம் திரும்பினார். செவ்வாய்ப்பேட்டை பீடி வியாபாரி முகம்மது ஹனீப், மயில் பீடி என்று புதிதாக ஒன்று போட இருந்தார். கட்டின்மேல் ஒட்ட லேபிள் வேண்டும். சென்னியப்பன் நாலு கோட்டில் ஒரு மயிலை வரைந்துகொண்டு போனார்.

ஹனீப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “தோகை எங்க தம்பி?”

“இது பம்பாய்ப் பாணிங்க. பாக்கறவங்க மனசுல விரியுமுங்க.”

படித்த பிள்ளை சொல்கிறதே என்று ஹனீப் அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

பீடி நன்றாகவே விற்றது. ஆனால் மயில் பீடி என்று யாரும் கேட்கவில்லை. நாமகிரிப்பேட்டைச் சந்தையில் கடை வைத்திருந்த கந்தம்மாள், கோழி பீடி இன்னும் வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். ஹனீப் சென்னியப்பனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

“அது மயிலுங்க” என்றார் சென்னியப்பன்.

கந்தம்மாள் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மயிலுங்களா? இருக்கட்டுஞ் சாமி. கோழின்னு கேட்டுத்தானுங்க வாங்கறாங்க. அதை ஏனுங்க கெடுக்கோணும்?”

அவர்கள் நிற்கும்போதே ஒருவர் வந்து கோழி பீடி வாங்கிப் போனார்.

திரும்பும்போது ஹனீப், “பேரையே கோழின்னு மாத்திடலாம் தம்பி. ஒரு கோழி போட்டுக் குடுங்க” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதைத்தான் சென்னியப்பனால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். மனைவி மாரக்காள், “ஏனுங்க, கோழி வரையத் தெரியாதுங்களா?” என்றாள். தெரியாதுதான். பம்பாய்க்காரர் கோழியே வரைந்ததில்லை. பார்த்துப் போட ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் கொல்லையில் உட்கார்ந்து கோழிகளைப் பார்த்தார். அவை அவரைப் பொருட்படுத்தவில்லை. ஒரு பெட்டை மட்டும் ஒற்றைக்காலைத் தூக்கி, எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அதை வரைந்தார்.

“இதுவும் பம்பாய்ப் பாணியா?” என்றார் ஹனீப்.

“இல்லீங்க. எங்கூட்டுக் கோழிங்க.”

அந்தக் கோழி ஆத்தூர்வரை சுவர் சுவராக ஏறியது. சென்னியப்பன் சூரமங்கலத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு அறை பிடித்தார். நெய்க்கும் நூலுக்கும் ஊதுவத்திக்கும் வேலை வந்தது.

1941இல், கூடப் படித்த பாலசுந்தரம் ரயிலை விட்டு இறங்கினார். அவர் சென்னையில் விளம்பரக் கம்பெனி வைத்திருந்தார். நிலையத்தின் எதிர்ச்சுவரில் இருந்த கோழியை வரைந்தது யார் என்று விசாரித்துக்கொண்டே அறைக்கு வந்துவிட்டார்.

“நீயா? உன் கை மாதிரியே இல்லையேப்பா!”

“அப்ப எனக்குக் கையே இல்லையே.”

பாலசுந்தரம் அதைக் கவனிக்கவில்லை. “கம்பெனிக்கு வந்துடு. இப்பவும் எல்லாரும் பம்பாய் மாதிரிதான் கேக்கறாங்க. உனக்குத்தான் அது தண்ணி பட்ட பாடாச்சே.”

சென்னியப்பன் காப்பி வாங்கிக்கொடுத்து அவரை ரயிலேற்றிவிட்டார். மறுநாள் சென்னியப்பனுக்குக் குமாரபாளையத்தில் வேலை. துண்டு வியாபாரி ஒருவர் எருமை மார்க் கேட்டிருந்தார். போய் உட்கார்ந்து பார்க்கும்போது எருமை தண்ணீரை விட்டு வெளியே வருமா என்பதுதான் தெரியவில்லை.