மாமனாருக்குப் பயந்து கராஜுக்குப் போன பீர்

வீட்டில் பீர் காய்ச்சும் டெக்சாஸ் நண்பர்களே, பாட்டில்களை கராஜில் மட்டும் வைக்காதீர்கள்.

பாட்டிலில் அடைத்த பிறகும் பீர் உள்ளே புளித்துக்கொண்டுதான் இருக்கும். சூடு ஏறினால் வெடிக்கும். தெரிந்துதான் கெஸ்ட் ரூம் க்ளாஸெட் அலமாரியில், இருட்டில், ஏசி குளிரில் வைத்திருந்தேன்.

ஈரோட்டிலிருந்து மாமனார் வந்தார். கெஸ்ட் ரூம் அவருக்கு.

“அப்பா பாத்தா அவ்ளோதான். கராஜுக்கு மாத்திடு” என்றாள் மனைவி. ஏசி இல்லாமல் வெயிலில் கொதிக்கும் கராஜுக்கு மாற்றினேன்.

இன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டமார் என்று ஒரு சத்தம். பின்னாலேயே இன்னும் இரண்டு. ஓடிப்போய்ப் பார்த்தால் கார் முழுக்க நுரை, தரை முழுக்கக் கண்ணாடி. காலையில் அந்த இடத்தில்தான் மாமனார் செருப்பு தேடிக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே வந்தவர் மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்தார்.

“ஏனுங்க மாப்ள, பீருங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரும் உக்காந்து குடிச்சிருக்கலாமுங்களே.”

மிச்ச பாட்டில்களைத் திறக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். புதிதாகக் காய்ச்சினால் ஒரு மாதமாவது ஆகும். அவருக்கு நாளை மறுநாள் ஃபிளைட்.

நீங்களெல்லாம் யாருக்குப் பயந்து எதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?