ரைஸ் மில்லுக்குள் ஆறு குடித்தனம்

ஐயம்பேட்டைப் பக்கம் மூடிக் கிடந்த ரைஸ் மில் ஒன்றை நெசவாளர்களுக்கு வீடாக மாற்றினார்கள். மில் முதலாளி புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. நெல் அவிக்கிற தொட்டியை இடித்து, அந்தச் செங்கல்லிலேயே ஆளுயரத் தடுப்புகள் எழுப்பி ஆறு குடித்தனம் வைத்தார். எங்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில், தறி போட இடத்தோடு வேறு வீடு கிடையாது.

வாசல் ஒன்றுதான். வெளிச்சமும் அதன் வழியாகத்தான் வரும். அதனால் தறிகள் எல்லாம் முன்பக்கம், அடுப்பும் படுக்கையும் பின்பக்கம். தறியிலிருந்து பாவை, அதாவது புடவையின் நீளவாட்டுப் பட்டு இழைகளை, நீட்டி எதிர்ச்சுவரில் கயிறு போட்டு இழுத்துக் கட்டினால் நடைவழி அடைபட்டுவிடும். பாவைத் தாண்டக் கூடாது, கால் படவும் கூடாது. குனிந்து அடியில் நுழைந்துதான் போய் வருவோம்.

"உங்க வூட்டுக்கு வந்தா கோயிலுக்கு வந்தாப்பல குனிஞ்சிக்கினே வரணும்பா" என்று என் மைத்துனன் கேலி செய்வான்.

ஒரு நாள் பகலில் பின்னால் யாரோ அடுப்புப் பக்கம் வைத்த உமி மூட்டை பற்றிக்கொண்டது. மனைவி தண்ணீருக்குப் போயிருந்தாள். நான் வாசலோரம் தறியில் இருந்தேன். என் மகள் பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே மூன்று பாவுகள்.

முதல் இரண்டில் தவழ்ந்து நுழைந்தேன். மூன்றாவது தாழ்ந்திருந்தது. புகை தரை வரைக்கும் இறங்கிக் கண்ணை மறைத்தது. "கயித்த அவுத்து வுடுங்க" என்று கத்தினேன்.

"முகூர்த்தப் பொடவபா, சிக்காயிடும்" என்றார் அந்தத் தறிக்காரர்.

அவர் மனைவி போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். பட்டு முழுவதும் தரையில் சரிந்தது. நான் அப்படியே நின்றேன்.

"மெதிச்சிக்கினு போ அண்ணா. இன்னா பாத்துக்கினு நிக்கிற?" என்று அவளே கத்தினாள்.

மிதித்துக்கொண்டு ஓடினேன். மகள் சுவரோரம் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கிக்கொண்டு திரும்பவும் அதையே மிதித்து வெளியே வந்தேன். பிறகு எல்லோருமாகத் தண்ணீர் ஊற்றி உமியை அணைத்தார்கள்.

அந்தப் பாவைச் சிக்கெடுக்க ஆறு குடித்தனமும் உட்கார்ந்தது. யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு முதலாளியிடம் கெஞ்சிப் பின்சுவரில் ஒரு கதவு வைக்கச் செய்தேன். அதற்குப் பிறகுதான் ராத்திரியில் கொஞ்சம் தூங்கினேன்.

கோடை வந்தது. அந்தப் பின்கதவின் இடுக்கில் புகுந்த வறண்ட காற்றில் இழைகள் பொட்டுப் பொட்டென்று அறுந்தன. எல்லோருமாகச் சேர்ந்து இடுக்குகளில் சாக்கைத் திணித்து, குறுக்கே பலகை அடித்துக் கதவையே அடைத்தார்கள்.

"நீயே சொல்லு அண்ணா, இந்தக் காத்துல இழை நிக்குமா?" என்றாள் அன்று கயிற்றை அவிழ்த்தவள்.

நிற்காது. என் பாவும்தான் அறுந்துகொண்டிருந்தது. ஆணி அடிக்கும்போது பலகையின் ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

மகள் இப்போது வாசலோரம் என் தறிக்குப் பக்கத்தில்தான் படுக்கிறாள்.