கட்டம் அக்காவின் விண்ணப்பம்

எங்கள் பல்கலைக்கழகத்தின் முதுமை ஆராய்ச்சி நிறுவனத்தில் உறுப்பினராவது லேசுப்பட்ட காரியமல்ல. இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். பழைய உறுப்பினர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். இதையெல்லாம் தாண்டினாலும் அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அக்காவைத் தாண்ட வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலோ, எங்காவது அடித்தல் திருத்தல் இருந்தாலோ, பேராசிரியர் என்றும் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவார். 'கட்டம் அக்கா' என்ற பெயரை வைத்தது பக்கத்து மேஜைக்காரியான நான்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

முப்பத்தொரு வருடமாக அக்காவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் நீண்டகால ஆய்வில் இருநூறு முதியவர்கள் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை அவர்களைப் போனில் அழைத்துப் பரிசோதனைக்கு வரவைக்க வேண்டும். யாருக்கு எந்த முழங்காலில் வலி, யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள் என்பதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம்.

அறுபது முடிந்து ஓய்வுபெற வேண்டிய கடைசி வாரம், அக்கா என்னிடம் ஒரு தாளைக் காட்டினார். இணை உறுப்பினர் விண்ணப்பம்.

"வீட்ல அவரும் ரிட்டயர்டு. நாள் முழுக்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு... என்னால முடியாதுடி. நான் இங்க வந்து போகணும்."

அக்காவின் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

குழுக் கூட்டத்தில் விண்ணப்பங்களை வாசிப்பது அக்காவின் பொறுப்பு. தன்னுடையதையும் அவரே வாசித்தார். "ஆய்வுக் கட்டுரைகள், இல்லை." எங்கள் பேராசிரியர்கள் எழுதிய நாற்பது கட்டுரைகளின் கடைசி வரியில் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். நன்றியெல்லாம் தகுதியில் சேராதாம்.

இயக்குநர் தலையைச் சொறிந்தார். "விதி இருக்கேம்மா..."

அக்கா குறிப்பேட்டில் 'நிராகரிக்கப்பட்டது' என்று தன் கையாலேயே எழுதிவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார். கோப்புகளோடு நின்றிருந்த எனக்கு வந்த கோபத்துக்கு, இயக்குநரின் காபியில் உப்பை அள்ளிப் போட்டிருப்பேன்.

அக்கா போனதும் போன் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு மாதத்தில் இருநூறு பேரையும் அழைத்தும் பரிசோதனைக்கு வந்தவர்கள் பதினோரு பேர்தான்.

"அந்தப் பொண்ணு கூப்பிடட்டும், வரேன்," என்றார் எண்பத்தாறு வயதுக்காரர் ஒருவர். அக்கா அவருக்குப் பொண்ணு.

இயக்குநருக்கு வியர்த்துவிட்டது. அடுத்த கூட்டத்திலேயே விதி மாறியது. ஆய்வுப் பணியில் பத்து ஆண்டுகள் உழைத்தவர்களும் இனி இணை உறுப்பினராகலாம். பரிந்துரைக் கையெழுத்தையும் அவரே போட்டுத் தந்தார்.

நான் படிவத்தை அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்பே, நிரப்பிய தாளோடு அக்கா வாசலில் நின்றார்.

அவருடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். 'முதுமை குறித்த அனுபவம், எத்தனை ஆண்டுகள்' என்ற இடத்தில் முப்பத்தொன்று என்று எழுதி, அதை அடித்துவிட்டு அறுபது என்று போட்டிருந்தார்.

தாளைத் திருப்பி நீட்டினேன். "அடித்தல் திருத்தல் இருக்கு. வேற எழுதிக் கொண்டுவாங்க."

அக்கா முறைத்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே புதுப் படிவம் ஒன்றை எடுத்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏய், முப்பத்தொண்ணு போடவா, அறுபது போடவா?"

"அறுபதே போடுங்கக்கா. எவன் கேக்கறான்னு பாத்துடுவோம்."