கட்டம் சரியில்லை

அளவுகோலை அழுத்திப் பிடித்து, பென்சிலால் இன்னொரு கட்டம் போடுகிறார். நோயாளிக்கு ஒரு கட்டம், பக்கத்திலேயே அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகளுக்கு ஒரு கட்டம், இரண்டையும் இணைக்க ஒரு கோடு. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் அலுவலகத்தில் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்பவர் இவர். சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. கட்டக்கா என்றால் வாசல் காவலருக்கும் தெரியும்.

"எதை எங்க வைக்கிறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அப்புறம் புரோகிராம் எழுதுங்க" என்று ஓயாமல் சொல்வார். யார் கேட்டார்கள்? புரோகிராமை எழுதினால் போதும், விவரங்களைச் சேமிக்கும் கட்டங்களை அதிலிருந்து ஒரு மென்பொருள் கருவியே உண்டாக்கிக்கொள்ளும் என்பது மேலாளரின் கட்சி. "அக்காவுக்குக் கட்டம் சரியில்லை" என்று கேலி வேறு. அக்காவும் சிரித்துக்கொள்வார். தாளின் மேல் யாராவது காப்பிக் கோப்பையை வைத்தால் மட்டும் அன்று முழுக்க அந்த ஆளோடு பேச்சு கிடையாது.

போன மாதம் ஒரு புரோகிராமர், புரோகிராமில் 'அலர்ஜி' என்றிருந்த கட்டத்தின் பெயரை நல்ல தமிழில் 'ஒவ்வாமை' என்று மாற்றினார். மாறியது பெயர்தான் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? பழைய கட்டத்தை விவரங்களோடு அழித்துவிட்டு, புதிதாக ஒரு காலிக் கட்டத்தைத் திறந்துவைத்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள், ஒரு மருத்துவமனையில் அந்தக் காலிக் கட்டத்தை நம்பி, ஒத்துக்கொள்ளாத ஊசியைப் போட்டதில் ஒரு பெரியவருக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டியது. பிழைத்தது அவர் அதிர்ஷ்டம்.

விவரத்தை அங்கிருந்த நர்ஸ் பதியவில்லை என்று மேலாளர் மருத்துவமனைக்கு அறிக்கை எழுதினார். அடப்பாவிகளா! அந்தப் பெண் ஒழுங்காகப் பதிந்திருந்தாள். அதைத் தின்றது எங்கள் கருவி. இந்த அறிக்கை போனால் அவள் வேலை போய்விடும்.

கட்டக்கா பழைய காப்புப் பிரதியைத் தோண்டி, அவள் பதிந்த வரியைத் தேதியோடு அச்செடுத்து மேலாளர் முன் வைத்தார். "பதிஞ்சிருக்காங்க சார். நாமதான் அழிச்சோம்."

"தெரியும்க்கா. அதுக்காக நம்ம பேரக் கெடுத்துக்க முடியுமா? அந்தப் பொண்ணுக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும். நீங்க ஒரு கையெழுத்து போடுங்க, போதும்" என்று தன் பேனாவையே திறந்து நீட்டினார்.

நாங்கள் பத்துப் பேர் திரையை உற்றுப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தோம். வெட்கங்கெட்ட கூட்டம்.

கட்டக்கா பேனாவை வாங்கி, மூடி, எழுந்து அவருடைய சட்டைப் பையிலேயே செருகினார். பிறகு அவர் மேசையிலிருந்த தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பி, மருத்துவமனையின் எண்ணை அழுத்தினார்.