தாளில் பதிந்த கை

என் சான்றிதழ்க் கோப்பில் ஒரு செய்தித்தாள் துண்டு இருக்கிறது. நடுவில் எண்ணெய்க் கறை. போன மாதம் பள்ளி அலுவலகத்தில் கோப்பைத் திறந்தபோது, உடன் வேலை பார்க்கும் ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, வடை மடித்து வந்த தாளையெல்லாமா பத்திரப்படுத்துவீர்கள் என்று கேலி செய்தார். நானும் சிரித்து வைத்தேன். வெளிச்சத்தில் பிடித்தால்தான் அது ஒரு உள்ளங்கை என்று தெரியும்.

விலங்கியல் படித்து முடித்த வருடம், குற்றாலத்தில் ஐந்தருவி சாலையில் இருந்த மீன் காட்சியகத்தில் ஒரு சீசன் முழுக்கப் பயிற்சிக்குப் போனேன். தினமும் அச்சன்புதூரிலிருந்து பஸ். தூத்துக்குடியிலிருந்து வந்த நட்சத்திர மீன்களும் சங்குகளும் கிடந்த, இடுப்புயரத் தொட்டி ஒன்றுக்கு நான் பொறுப்பு. வருகிறவர்கள் ஒற்றை விரலால் அவற்றைத் தொட்டுப் பார்க்கலாம். நான் விளக்கம் சொல்ல வேண்டும். கழுத்தில் அட்டையும் கையில் மைக்கும் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

குற்றாலத்துக்கு வருகிற பாதிப் பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குப் போவார்கள். குளித்த பிறகும் கையில் பிசுக்கு போகாது. அந்தக் கையோடு நேராகத் தொட்டிக்கு வருவார்கள். இரண்டாவது வாரம் ஒரு நட்சத்திர மீன் செத்துப்போனது. தண்ணீரின் மேல் எண்ணெய் மினுமினுத்தது. இன்னொன்று செத்தால் தொட்டியை மூடிவிடுவேன், உன் பயிற்சியும் அத்தோடு சரி என்று காட்சியகப் பொறுப்பாளர் மேடம் சொல்லிவிட்டார். அன்று பயந்துபோய் நான் கண்டுபிடித்ததுதான் தாள் சோதனை. கழுவித் துடைத்த கையைச் செய்தித்தாளில் அழுத்த வேண்டும். கறை விழுந்தால் தொடக்கூடாது.

அந்தச் சோதனையில் தினமும் தோற்றவர் ஒருவர் உண்டு. அருவிப் பக்கம் முப்பது வருடமாக எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி. மதியம் தொழில் ஓய்கிற நேரத்தில் வருவார். விளக்கம் சொல்கிறவள் என்பதால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கடலை மாவு போட்டுக் கழுவிவிட்டுக் கையை வைப்பார். கறை பளிச்சென்று விழும். கோபிக்கவே மாட்டார். “எத்தன ஊரு முதுக தொட்டாச்சு, இது ஒண்ணு மாட்டேங்குதே” என்று சொல்லிவிட்டு, தொட்டி விளிம்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நிற்பார்.

ஒரு நாள் தண்ணீரில் மறுபடியும் அதே மினுமினுப்பு. ஒரு நட்சத்திர மீன் கையெல்லாம் துவண்டு கிடந்தது. பயிற்சி போய்விடும் என்ற பயத்தில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. அண்ணாச்சி வந்ததும், சுற்றி நின்ற கூட்டத்துக்குக் கேட்கும்படி, மைக்கிலேயே கேட்டேன், உங்கள் கையால் எத்தனை உயிர் போக வேண்டும் என்று. அவர் விளிம்பிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். “நான் தண்ணிய தொடவே இல்லியே, டீச்சரு” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு வரவில்லை.

அன்றே தொட்டித் தண்ணீரை மாற்றினோம். மறுநாள் மலையில் கனமழை. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. நாலு நாள் காட்சியகத்தில் ஈ காக்கை இல்லை. நான் மட்டும் காலையும் மாலையும் குனிந்து, கையை விட்டு, சங்குகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தது. யார் தொட்டது என்று யோசித்தபடி நின்றபோது அண்ணாச்சி உள்ளே வந்தார்.

“நாலு நாளா தொழில் இல்ல. சீயக்காய் போட்டு தேச்சுத் தேச்சு கழுவியிருக்கேன். பாருங்க” என்று தாளில் கையை வைத்தார். ஈரம் மட்டும் பட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலர்ந்தும் போனது. பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார்: “நீங்களும் ஒரு தடவ வைங்களேன், டீச்சரு.”

வைத்தேன். ஐந்து விரலும் பளிச்சென்று விழுந்தன. தினமும் காலையில் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பின்னிக்கொண்டு வருகிறவள் நான். நெற்றியில் வழிவதை ஒதுக்கிய அதே கையைத்தான் நாளெல்லாம் தொட்டிக்குள் விட்டிருக்கிறேன். அத்தனை பேர் கையையும் சோதித்தவள் என் கையைச் சோதிக்கவே இல்லை.

மன்னித்துவிடுங்கள் அண்ணாச்சி என்றேன். “அது கெடக்கட்டும். இப்பம் நான் தொடலாமா?” என்று கேட்டார். முப்பது வருடம் உள்ளங்கையால் அழுத்திப் பழகியவர், ஒற்றை விரலை மெல்ல நட்சத்திர மீனின் முதுகில் வைத்தார். “சொரசொரன்னு இருக்கு. நல்லா எண்ண தேச்சுவிட்டா சரியாயிரும்” என்றார். அழுகையோடு சிரித்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து தலையில் எண்ணெய் வைக்கவில்லை. அம்மா திட்டினாள். மேடத்திடம் நான் எதுவும் சொல்லவில்லை. தடை நீங்கிக் கூட்டம் திரும்பியபோது, தவறு என்னுடையது என்று அதே மைக்கில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஊர் கேட்கப் பழி சொன்னவள், யாரும் இல்லாத இடத்தில் மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. தொட்டியைச் சிறப்பாகப் பராமரித்ததாக எனக்குச் சான்றிதழ் கிடைத்தது.

அந்தச் சான்றிதழுக்குப் பின்னால்தான் தாளை வைத்திருக்கிறேன். அண்ணாச்சியும் நானும் கை வைத்த தாள். அதில் இருப்பது ஒரு கைதான்.