பின் பலகையில் இருந்தவர்

இது நடந்தது. நாகர்கோவிலில் ஓவர்சியர் யூஜினைத் தெரிந்தவர்கள் அவனைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆனால் அந்தப் படகு விஷயத்தை மட்டும் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் தேக்கடிப் பக்கம் தனியாகப் போகாமல் இருந்தால் சரி.

1935, ஐப்பசி மாதம். யூஜின் ஒரு பிளசர் கார் பிடித்துத் தன் சித்தப்பா ரசலையனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டான். அப்பா பனையிலிருந்து விழுந்து செத்தபோது யூஜினுக்கு நாலு வயது. சித்தப்பாதான் அண்ணன் ஏறிய பனைகளிலும் சேர்த்து ஏறி, இவனைப் படிக்க வைத்து, கோட்டு போடுகிற ஆளாக ஆக்கியவர். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு யானையை முழுசாகப் பார்க்க வேண்டும். சுசீந்திரத்தில் தேரோடும் தெருவுக்குள் அவர் ஜாதிக்காரர்கள் நுழையக் கூடாத காலத்தில், தூரத்தில் நின்று யானையின் முதுகை மட்டும் பார்த்தவர் அவர். தேக்கடிக் காட்டில் சர்க்கார் வேட்டையை நிறுத்திவிட்டது, யானைகள் ஏரிக்கரைக்கே வந்து நிற்கின்றன என்று கேள்விப்பட்ட நாள்முதல் அவருக்கு அதே பேச்சுதான்.

வழியெல்லாம் இருமினார். கம்பம் தாண்டி மலை ஏறும்போது இருமல் கூடியது. "திரும்பிருவமா?" என்று யூஜின் கேட்டான்.

"வேண்டாம் மக்கா. இவ்வளவு தூரம் வந்தாச்சு."

ஏரிக்கரை பங்களாவில் யூஜினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுடைய மேலதிகாரி என்ஜினீயர் கிருஷ்ணமணி மனைவியோடு வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். யூஜின் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடினான். அவன் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா வந்துவிட்டார். பெரிய மனுஷர் முன்னால் மேலுடம்பை மறைத்து நிற்கக் கூடாது என்பது அவருக்குச் சின்ன வயதில் அடித்துப் பழக்கிய பழக்கம். ஆகவே சட்டையைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டினார். ஓலைப்பெட்டியில் இருந்த கருப்பட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். பனை உரசி உரசிக் காய்த்துக் கறுத்த அந்த நெஞ்சை எல்லாரும் பார்த்தார்கள்.

"யாரு யூஜின் இது?" என்றார் என்ஜினீயர்.

யூஜினுக்குக் காது சுட்டது.

"வீட்டு வேலைக்காரன் சார்."

சொல்லிவிட்டான். சித்தப்பா கையை மடக்கவில்லை. முகமும் மாறவில்லை. கருப்பட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னாலிருந்த வண்டிக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

என்ஜினீயர் தங்கள் படகில் இடம் இருப்பதாகச் சொன்னார். யூஜின் கொட்டகைக்கு ஓடினான். "இன்னைக்கு அவங்க கூப்பிடுதாங்க. நாளைக்கு நாம போவோம், என்ன?"

"நீ போயிட்டு வா மக்கா."

அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தபடியே திரும்பினான்.

படகு நாலரைக்குப் புறப்பட்டது. முன்னால் என்ஜினீயரும் மனைவியும். நடுவில் துடுப்புப் போடும் இரண்டு பேர். பின்னால் யூஜின். செத்த மரங்கள் தண்ணீருக்குள் கறுப்பாக நின்றன. தூறல் பிடித்தது. மூடுபனி இறங்கியது.

அவனுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த பலகை கிறீச்சிட்டது.

திரும்பினான்.

சித்தப்பா உட்கார்ந்திருந்தார்.

யூஜினுக்கு முதலில் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. எப்படி ஏறினார்? யார் ஏற்றினார்கள்? என்ஜினீயர் பார்த்தால் என்ன நினைப்பார்? "உம்ம யாரு வரச்சொன்னா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

அவர் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருகிட்ட பேசுற?" முன்னாலிருந்து என்ஜினீயர் கேட்டார். திரும்பி நேராகப் பின் பலகையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லாததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் யூஜின் கவனித்தான்... சித்தப்பா இருமவில்லை.

காலையிலிருந்து நிற்காத இருமல். இந்தக் குளிரில்... ஒரு தடவைகூட இல்லை.

தூறல் வலுத்தது. யூஜினின் கோட்டு நனைந்து தொங்கியது. சித்தப்பாவின் வெறும் நெஞ்சில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

எல்லார் வாயிலிருந்தும் புகை போல மூச்சு வந்தது.

அவர் வாயிலிருந்து வரவில்லை.

"யானை..." என்றான் துடுப்புக்காரன்.

கரையில் ஏழெட்டு நின்றன. புல் மேய்ந்துகொண்டிருந்தவை ஒரே சமயத்தில் தலை தூக்கின. தும்பிக்கைகள் உயர்ந்தன. அவை படகின் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை.

பின் பலகையைப் பார்த்தன.

ஒரு குட்டி பிளிறிக்கொண்டு தாயின் வயிற்றுக்கடியில் புகுந்தது.

யூஜினின் தோளில் ஒரு கை விழுந்தது. ஈரமில்லாத கை. ஐஸ் போன்ற கை.

"முழுசா பாத்துட்டேன் மக்கா."

காதுக்குள் கேட்டது...

அதற்குப் பிறகு யூஜின் திரும்பவில்லை. கரை தட்டும்வரை கழுத்தை அசைக்கவில்லை. எல்லாரும் இறங்கியபின் பார்த்தான். பலகை காலி. படகு முழுக்க நனைந்திருந்தது. அந்த ஓர் இடம் மட்டும் காய்ந்து கிடந்தது.

கொட்டகைக்கு ஓடினான். வாசலில் பங்களாக் காவல்காரர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வைக்கோல் மேல் சித்தப்பா. முகம்வரை துண்டால் மூடியிருந்தது.

"எப்ப?" என்றான் யூஜின்.

"நாலு மணி அடிச்சதும் போயிட்டாரு. படகு அப்ப துறையிலதான் கிடந்துது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

காவல்காரர் சங்கடப்பட்டார்.

"சொல்லத்தான் புறப்பட்டேன் சார். அவருதான் சாகதுக்கு முந்தியே என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'நான் வெறும் வேலைக்காரன். எனக்காகப் படகை நிறுத்தாதீங்க. சார் யானை பாத்துட்டு வரட்டும்'னாரு."

பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. என்ஜினீயர் வந்து நின்றார். "பாவம். இந்த ஆளுக்குச் சொந்தக்காரங்க யாராவது உண்டா யூஜின்?"

யூஜின் வாய் திறந்தான்.

சத்தம் வரவில்லை.